நெல்லையப்பனின் இடது கை

செல்லப்பாவுக்கு ஒரு மனிதன்மேல் பொறாமை என்றால், ஊர் உலகத்தில் நடக்கிறதுதானே என்று விட்டுவிடலாம். அவருக்கு ஒரு கைமேல் பொறாமை. அதுவும் இடது கை. இலத்தூர் நெல்லையப்பனுடைய இடது கை. அது அங்கே கீபோர்டில் ஒரு கட்டையைத் தொட்டால் இங்கே தென்காசியில் இவருக்கு வயிறு எரியும். முப்பது வருஷமாக இந்த எரிச்சலை ஒரு நாளாவது அணையவிட்டாரா என்றால், இல்லை.

பார்க்கிறவர்களுக்கு அவர் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கிற அண்ணாச்சி. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் அவர் சிற்றருவி இன்னிசைக் குழுவின் பேஸ் கிட்டார். கோயில் கொடைத் திருவிழா, கல்யாண வரவேற்பு, சர்ச் அசன விருந்து என்று சுற்றுவட்டாரத்தில் அந்தக் குழு ஏறாத மேடை கிடையாது. கிட்டாரைப் புனலூர்ப் பக்கம் ஒரு சர்ச் பேண்டுக்காரரிடம் பழையதாக வாங்கினார். கறுப்பு நிறம், தோளில் மாட்டினால் ஒரு பக்கமாக ஆளை இழுக்கும். ஆம்ப்ளிஃபயர் பெட்டி, தென்காசியில் ஒரு ரேடியோ மெக்கானிக் பலாப்பலகையில் அடித்துக் கொடுத்தது. அதன்மேல் கை வைத்தால் பாட்டு உள்ளங்கையில் துடிக்கும் என்று செல்லப்பா எல்லோரையும் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்வார்.

புதுக் கம்பிக்கு மதுரைக்கோ கொல்லத்துக்கோ போக வேண்டும். அதனால் அவர் பழைய கம்பியையே கழற்றி, வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைப்பார். அழுக்கெல்லாம் கழன்று ஓசை புதுசாகிவிடும். அதற்கு அவர் எடுப்பது வீட்டு ரசச் சட்டியை. கல்யாணமான புதிதில் மனைவி ஜெபமலர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கு என்ன, கம்பிக் குழம்பா?" என்று கேட்டாள். அந்தக் கிண்டல் இன்றுவரைக்கும் ஓயவில்லை.

பேஸ் வாசிப்பவன் தலையெழுத்து அது. கூட்டத்தில் யாரும் அதைத் தனியாகக் கேட்பதில்லை. அது இருக்கிறவரைக்கும் பாட்டு நன்றாக இருக்கிறது என்பார்கள், நின்றுபோனால் என்னமோ குறையுதே என்பார்கள். என்ன குறைகிறது என்று மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. பேஸ் கிட்டாருக்கு நாலே கம்பிதான் என்று தெரியாமல் ஒரு கொடையில் கமிட்டிக்காரர் ஒருவர் மேடைக்கே ஏறி வந்து, "அண்ணாச்சி, ரெண்டு கம்பி அந்துபோச்சு போலுக்கே. மிச்சம் நாலுல ஒப்பேத்திருவியளா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

அதைவிடக் கொடுமை வாசுதேவநல்லூரில் நடந்தது. நோட்டீஸில் போடச் சொல்லி 'பேஸ்: செல்லப்பா' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அச்சகத்தில் யாரோ புண்ணியவான், இது எழுத்துப் பிழை என்று நினைத்துத் திருத்தி, 'பேச்சு: செல்லப்பா' என்று போட்டுவிட்டார். கமிட்டித் தலைவரும் மைக்கைப் பிடித்து, "அடுத்ததாக நமது பேச்சாளர் செல்லப்பா அவர்கள்" என்று கூப்பிட்டுவிட்டார். செல்லப்பா மைக் முன்னால் நின்று வேர்த்தார். ஒரு வார்த்தை வரவில்லை. கீபோர்டுக்குப் பின்னால் நெல்லையப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அன்றிலிருந்து குழுவில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. "ஏ பேச்சு, டீ குடிக்கியா?" என்பான் நெல்லையப்பன். அப்போதெல்லாம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் ஊர் திரும்பிய சிநேகிதர்கள்.

இவ்வளவு அவமானத்தையும் தாங்கிக்கொள்ள வைத்தது ஒரே ஒரு பாட்டு. மழைப் பாட்டு என்றுதான் குழுவில் சொல்வார்கள். அது தொடங்கும்போது வேறு எதுவும் வராது. பேஸ் மட்டும் தனியாகக் கொஞ்ச தூரம் நடக்கும். நடுவில் ஓரிடத்தில் விரல் கம்பியைவிட்டு எடுக்காமல் அப்படியே மேலே வழுக்கிப் போக வேண்டும். அந்த வழுக்கலில்தான் உயிர். அதைக் கேட்டதும் கூட்டம் விசிலடிக்கும். கச்சேரி முடிவில் பாடகி முத்துசெல்வி ஒவ்வொரு பெயராகச் சொல்லி அறிமுகம் செய்வாள். "பேஸ் கிட்டார், செல்லப்பா!" என்றதும் அவர் அந்த வழுக்கலை ஒரு முறை வாசித்துக் காட்டுவார். ஜெபமலர் அதற்காகவே கடைசிவரைக்கும் உட்கார்ந்திருப்பாள்.

பிறகு துபாயிலிருந்து நெல்லையப்பனின் மச்சான் ஒரு கீபோர்டு கொண்டுவந்து இறக்கினான். அதில் பாதிக் கட்டையை பேஸ் சத்தத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வலது கையில் பாட்டு, இடது கையில் பேஸ். ஒரு கல்யாணத்தில் நெல்லையப்பன் சும்மா விளையாட்டாகத்தான் வாசித்துக் காட்டினான். டிரம்ஸ் வாசிக்கிற பலவேசம்தான் குழுத் தலைவர். அவர் அந்த இடது கையைப் பார்த்தார், வேனில் இருக்கிற இடத்தைப் பார்த்தார், பலாப்பலகைப் பெட்டியையும் பார்த்தார்.

"அடுத்த கச்சேரிக்குச் சொல்லி அனுப்புதோம் அண்ணாச்சி" என்றார்.

சொல்லி அனுப்பவே இல்லை. நெல்லையப்பனும் வீட்டுப் பக்கம் வரவில்லை. செல்லப்பாவுக்கு அதுதான் ஆறவில்லை. பலவேசம் வியாபாரி, போகட்டும். ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தவன் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அதற்கப்புறம் அவர் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். சிற்றருவி எங்கே கச்சேரி வைத்தாலும் இவர் ஒளிந்து நின்று கேட்பார். இந்தக் கொடையில் வாழைப்பழக் கடைக்குப் பின்னால், அந்தக் கொடையில் ராட்டினத்துக்குப் பின்னால். கேட்பதற்கா போனார்? அந்தக் கை எங்கேயாவது தடுக்கி விழாதா என்று பார்ப்பதற்குப் போனார். சண்டாளக் கை, தடுக்கவே தடுக்காது. அறிமுகத்தின்போது முத்துசெல்வி, "கீபோர்டும் பேஸும், நெல்லையப்பன்!" என்பாள். அவன் இடது கையை மட்டும் உயரத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டுவான். கைதட்டல் கூரையைப் பிய்க்கும். அந்தக் கையை அப்படியே முறித்துப்போட்டால் என்ன என்றிருக்கும் செல்லப்பாவுக்கு.

ஒரே ஒரு ஆறுதல் உண்டு. மழைப் பாட்டில் அந்த வழுக்கல் நெல்லையப்பனுக்கு வராது. கீபோர்டில் கட்டைக்குக் கட்டை தாவலாமே ஒழிய வழுக்க முடியாது. அந்த இடம் வரும்போது வாழைப்பழக் கடைக்குப் பின்னால் நின்று செல்லப்பா தன்னையறியாமல் சிரிப்பார். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டுதான் அவ்வளவு வருஷத்தையும் ஓட்டினார்.

கொஞ்ச மாசமாகச் சிற்றருவிக்குக் கச்சேரியே இல்லை. இந்த ஆனி மாசம், குற்றாலத்தில் சீசன் தொடங்கிச் சாரல் விழுந்துகொண்டிருந்தபோது, முத்துசெல்வி போன் செய்தாள்.

"அண்ணாச்சி, நம்ம குழு ஆளுகள்லாம் சேந்து குத்தாலத்துல ஒரு கச்சேரி வைக்கோம். நீங்க வரணும்."

"எனக்கு என்னத்துக்கு? அதான் உங்க கீபோர்டுகாரரு இடது கையிலயே எல்லாத்தையும் வாசிக்காருல்லா."

"உங்களுக்குத் தெரியாதா? நெல்லையப்ப அண்ணாச்சிக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோச்சு. நாக்கும் குழறுது. வலது கை மட்டும்தான்."

நல்லா வேணும்!

செல்லப்பாவின் மனசு முதலில் சொன்னது அதுதான். சொன்ன மறுநிமிஷம் தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். முறிந்துபோக வேண்டும் என்று எத்தனை கொடையில் நின்று நினைத்திருக்கிறார்! என் கண் பட்டுத்தான் விழுந்ததோ? சர்ச்சில் காணிக்கைத் தட்டு எடுக்கிற தான் கண் திருஷ்டியை நம்பலாமா என்றெல்லாம் அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. "நான் வரல, ஆளை விடு" என்று போனை வைத்துவிட்டார்.

ஆனால் மறுநாள் காலையில் ஜெபமலர் அடுக்களைக்குப் போனால் ரசச் சட்டி அடுப்பில் கொதிக்கிறது. மூடியைத் திறந்தாள். நாலு கம்பியும் சுருண்டு கிடந்தன.

"வரலன்னு சொன்னியளே?"

"கம்பி துருப்பிடிக்குதுன்னு போட்டேன்."

"முப்பது வருஷமாப் பிடிக்காத துரு இன்னைக்குப் பிடிச்சிருச்சாக்கும்" என்றாள் அவள். "போய்ட்டு வாங்க. அந்தக் கையை ஒரு தடவை பக்கத்துல பாத்தாத்தான் உங்களுக்கு ஆறும்."

ஒத்திகை இலத்தூரில், நெல்லையப்பன் வீட்டு முன்னறையில். செல்லப்பா உள்ளே போனபோது அந்தக் கை ஒரு துண்டின்மேல், மடியில் கிடந்தது. விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. எவ்வளவு ஆசையாக இருந்தாரோ அந்தக் காட்சிக்கு! பார்த்ததும் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "என்னவே, இப்படி ஆயிட்டீரு" என்று மட்டும் கேட்டார். நெல்லையப்பன் ஏதோ சொன்னான், விளங்கவில்லை. அவன் மனைவி அகிலாண்டேஸ்வரிதான், "வந்தியே, அதுபோதும்னு சொல்லுதாக" என்று விளக்கினாள்.

இரக்கம் அவ்வளவு நேரம்தான் தாக்குப்பிடித்தது. வாசிக்கத் தொடங்கியதும் எல்லாக் கண்ணும் நெல்லையப்பன்மேல். "ஒத்தக் கையிலயே என்னா வாசிப்பு!" என்றார் பலவேசம். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் நின்று கண்ணைத் துடைத்தார்கள். அகிலாண்டேஸ்வரி ஒவ்வொரு பாட்டுக்கும் ஹார்லிக்ஸ் ஆற்றிக் கொடுத்தாள். இவ்வளவு காலத்துக்கு அப்புறம் கிட்டாரைத் தூக்கி, விரல் நுனி தோலுரிய நாலு கம்பியையும் பேச வைத்த மனிதனுக்கு ஒரு 'பரவாயில்லையே' கூட இல்லை. ரெண்டு கை இருக்கிறதுதான் நம்ம குத்தம் போல, என்று செல்லப்பா உள்ளுக்குள் பொருமினார். இதுவரை அந்தக் கை வாசிப்பதைப் பார்த்துப் பொறாமை. இப்போது அது வாசிக்காமல் கிடப்பதைப் பார்த்தும் பொறாமை. தனக்கே வெட்கமாக இருந்தது, ஆனால் வெட்கத்தால் பொறாமை குறையவில்லை.

கச்சேரி நாள், குற்றாலத்தில் மண்டப வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். நெல்லையப்பன் படம் ஆள் உயரத்துக்கு. 'ஒற்றைக் கையால் ஓர் இசை மழை'. கீழே மற்றவர்கள் பெயர்கள். செல்லப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தேடினார். கடைசியில் 'மற்றும் குழுவினர்' என்று இருந்தது. அந்தக் குழுவினர் அவர்தான்.

நேராக முத்துசெல்வியிடம் போனார். "ஏட்டி, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். போஸ்டர்ல இல்லாட்டாப் போகுது. மைக்ல என் பேரைச் சொல்லிரு. பேஸ் கிட்டார் செல்லப்பான்னு ஒரு தடவை. ஜெபமலர் வந்திருக்கா."

"கட்டாயம் சொல்லுதேன் அண்ணாச்சி. மழைப் பாட்டு முடிஞ்சதும் அறிமுகம்."

சாயங்காலம் மண்டபம் நிரம்பிவிட்டது. அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தவர்கள் பாதிப் பேர். ஜெபமலர் மூன்றாவது வரிசையில் குடையை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடையில் நெல்லையப்பனை முன்னால், விளக்குக்கு நேராக உட்கார வைத்திருந்தார்கள். செல்லப்பாவுக்கு இடம் பின்னால், டிரம்ஸுக்குப் பக்கத்தில், ஒரு திரைச்சீலை பாதி மறைக்கிற மாதிரி.

மழைப் பாட்டு வந்தது. பலவேசம் குச்சியைத் தட்டிக் கணக்குக் கொடுத்தார். பேஸ் தனியாக நடக்க ஆரம்பித்தது. செல்லப்பா கண்ணை மூடிக்கொண்டார். பலாப்பலகைப் பெட்டி முழங்காலில் துடித்தது. இத்தனை காலத்துப் பசியும் விரலில் வந்து நின்றது. வழுக்கல் வந்தது, வழுக்கினார். கூட்டம் விசிலடித்தது. அவருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. கண்ணைத் திறந்தார்.

கூட்டம் நெல்லையப்பனைப் பார்த்து விசிலடித்துக்கொண்டிருந்தது.

"ஏலே, ஒத்தக் கையிலயே ரெண்டையும் வாசிக்காருலே! என்னா மனுசன்லே!" என்று முன்வரிசையில் ஒருத்தன் கத்தினான். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். போன்களைத் தூக்கி அவனையே படம் பிடித்தார்கள். அவன் வலது கை அப்போது கட்டையைத் தொடக்கூட இல்லை, அவனுடைய இடம் இன்னும் வரவில்லை.

செல்லப்பாவுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வாசிக்கிற காலத்திலும் அவன் கைக்கு, விழுந்த பிறகும் அவன் கைக்கா? என் விரலுக்கு இந்த ஜென்மத்தில் ஒன்றும் கிடையாதா? முத்துசெல்வி பல்லவியைப் பாடி முடித்தாள். சரணம் வந்தது. இருங்கலே, ஒத்தக் கையால வாசிக்கட்டும், பாப்போம் என்று நினைத்தார். விரலைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டார்.

பாட்டு பொக்கையாகிவிட்டது. முத்துசெல்வியின் குரல் அந்தரத்தில் நின்றது. பலவேசம் திகைத்துத் திரும்பினார். கூட்டத்தில் கைதட்டல் ஓய்ந்து, என்னமோ ஆச்சே என்ற முகங்கள். நெல்லையப்பனின் வலது கை பாட்டை விட்டுவிட்டு அவசரமாக இடது பக்கக் கட்டைகளுக்கு ஓடியது. அங்கே பேஸைப் பிடித்தது, மேலே ராகம் விழுந்தது. ராகத்தைப் பிடிக்க ஓடியது, பேஸ் விழுந்தது. அந்த ஒரு கை இங்கேயும் அங்கேயும் அலைந்தது. மடியில் கிடந்த கை துண்டிலிருந்து நழுவி நாற்காலிக்கு வெளியே தொங்கியது. அவன் தோள் மட்டும் அதைத் தூக்கப் பார்த்து, தூக்கப் பார்த்து, முடியாமல் குலுங்கியது.

நெல்லையப்பன் கழுத்தைத் திருப்பிச் செல்லப்பாவைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் செல்லப்பா அப்படியே நின்றிருப்பார். அவன் கெஞ்சினான். பாவி, கண்ணாலேயே கெஞ்சினான்.

செல்லப்பா கம்பியில் கை வைத்தார். முதல் சுரத்தைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. கீழிருந்து மேலே ஒரு நீள வழுக்கலாக வழுக்கி வந்து பாட்டைத் தூக்கிப் பிடித்தார். வலது கை தன் இடத்துக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தது. அதற்குமேல் பாட்டு முடிகிறவரைக்கும் அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை. அந்த வலது கையை மட்டும் பார்த்தார். அது எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே போய் நின்றார்.

பாட்டு முடிந்தது. முத்துசெல்வி அறிமுகம் செய்ய மைக்கை எடுத்தாள். நெல்லையப்பன் அவள் புடவையைப் பிடித்து இழுத்து, மைக்கைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னான். அவள் அதை அவன் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"அந்த... வழுக்கு..." என்றான். மூச்சு வாங்கினான். "எனக்கு... வரல. ஒரு நாளும்... வரல. இவன்... பழக்கடைக்குப் பின்னால... நின்னு... சிரிப்பான்."

செல்லப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தெரிந்திருக்கிறது! அத்தனை கொடையிலும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது! அந்த இடம் வரும்போதெல்லாம் அவனும் பழக்கடையைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறான்.

நெல்லையப்பன் வலது கையைப் பின்பக்கம் நீட்டினான். "பே... பேச்சு... செல்லப்பா."

நாக்குக் குழறி 'பேஸ்' அப்படி வந்ததா, பழைய பெயரைத்தான் கூப்பிட்டானா, அவனுக்கே வெளிச்சம். வாய் ஏற்கெனவே ஒரு பக்கம் கோணியிருந்ததால் அது சிரிப்பா என்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் கூட்டம் 'பேச்சு' என்றுதான் எடுத்துக்கொண்டது. ஒரு பையன் ஓடிவந்து செல்லப்பா முன்னால் மைக் ஸ்டாண்டை வைத்துவிட்டுப் போனான். எல்லோரும் அவர் பேசக் காத்திருந்தார்கள்.

பேச அவரிடமா இல்லை? முப்பது வருஷத்துப் பேச்சு நெஞ்சுவரைக்கும் நிறைந்து கிடந்தது. வேனில் இல்லாமல்போன இடம், சொல்லி அனுப்பாத அந்தச் செய்தி, இப்போது கைதட்டிய அத்தனை பேருக்கும் 'அது நான்டா வாசிச்சது' என்கிற ஒரு வரி. வாசுதேவநல்லூரில் நின்ற மாதிரியே நின்று வேர்த்தார். மூன்றாவது வரிசையில் ஜெபமலர் குடைப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கீபோர்டு, வலது கை, நெல்லையப்பன்" என்றார் செல்லப்பா.

தொண்டையைச் செருமினார்.

"இடது கை, செல்லப்பா."

கூட்டத்துக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் முதல் கைதட்டல் மூன்றாவது வரிசையிலிருந்து வந்தது. பிறகு மண்டபமே தட்டியது. முன்வரிசைக்காரன் எழுந்து நின்று, "அப்பம் அந்த வழுக்கு அண்ணாச்சியோடதாலே?" என்று பக்கத்தில் கேட்டான். போன்கள் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் திரும்பின. முத்துசெல்வி போய்த் திரைச்சீலையை ஒதுக்கிவிட்டாள். செல்லப்பாவுக்குக் கண் கலங்கி ஒன்றும் தெரியவில்லை.

நெல்லையப்பனால் தட்ட முடியாது. அவன் குனிந்து, தொங்கிக்கொண்டிருந்த இடது கையை வலது கையால் மணிக்கட்டில் பிடித்தான். பழைய நாட்களில் தூக்குவானே, அதே மாதிரி தலைக்கு மேலே தூக்கினான். தூக்கி, அப்படியே பின்னால் செல்லப்பா பக்கமாகத் திருப்பிக் காட்டினான்.

அவ்வளவுதான். திரும்பியிருந்த போன்களெல்லாம் மறுபடியும் முன்னால் திரும்பின. விசில் கூரையைப் பிய்த்தது.

செல்லப்பா தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்பமும் அவன் கைக்குத்தான் தட்டுதானுவ. பாவிப்பய கை" என்று முனகினார்.

முன்னால் இருந்த மைக்கை அவர் மறந்துவிட்டார். மண்டபம் முழுக்க அது கேட்டது.